பதினான்கு டாலர் ரசீது

வினோனா நூலகத்தின் கீழ்த்தளம்.
ஏப்ரல் பிறந்தும் ஆற்றோரப் பனி
பிழிந்து போட்ட அழுக்குத் துணியாய்க் கிடக்கிறது.
என் மேசையில் மடிக்கணினி,
முன்னால் ஓர் அட்டை: இலவச வரி உதவி.
எதிர் நாற்காலியில் ராக்ஸான் ப்ரோங்க்,
மடியில் செருப்புப் பெட்டி.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
அந்தச் சம்பளத்தில் பிடிக்க வேண்டியதைப்
பிடித்துவிட்டார்கள், தொல்லையில்லை.
இது வேறு.
போன கோடை முழுக்கக் கல்லறைக் கல் கழுவினாள்.
டென்வரிலும் டாம்பாவிலும் போய்க் குடியேறியவர்கள்
அப்பாவின் பெயர்மேல் பாசி என்று கேள்விப்பட்டு
எழுபது டாலர் அனுப்புவார்கள்.
கழுவுமுன் ஒரு படம், கழுவியபின் ஒரு படம்,
அவ்வளவுதான் வியாபாரம்.

என்ன தொழில் என்று போடட்டும்?
படிவத்தின் பின்பக்கத்தில் ஆறிலக்க எண்கள்
எறும்புச் சாரையாய்ப் போகின்றன.
செத்தவர்களுக்குச் சலவை செய்பவளுக்கு
ஓர் எண்ணும் இல்லை.
'மற்றவை என்று போடு, க்ளென்.
எங்கள் வீட்டில் பாதிப் பேர் அதில்தான்.'

பதினோரு கல். எழுநூற்று எழுபது.
மைல் கணக்கு ஒரு மளிகைக் குறிப்பேட்டில்,
பென்சிலில், கல்லறைத் தோட்டங்களின் பெயரோடு.
முந்நூறு மைல்,
மைலுக்கு எழுபது சென்ட் என்று கழித்தேன்.
தூரிகை, வாளி, பாசிக்கு ஊற்றும் மருந்து,
முழங்காலுக்கு ரப்பர் மெத்தை,
நூற்றுப் பத்தொன்பது.
மிச்சம் நானூற்று நாற்பத்தொன்று.

இங்கே சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது.
மிச்சத்தைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்து
நானூறு தொட்டால் வரி, தொடாவிட்டால் இல்லை.
சுருக்கினேன். நானூற்றேழு.
நிலைப்படியில் கட்டைவிரல் தடுக்கினாற்போல்
அந்த ஏழு டாலரில் தடுக்கி
அறுபத்திரண்டு டாலர் வரி.

அப்போதுதான் பெட்டியின் அடியில் பார்த்தேன்.
நாலாய் மடித்த ரசீது. ஜூலை.
அதே மருந்து, இன்னொரு புட்டி,
பதினான்கு டாலர்.
'இதை விட்டுவிட்டாய்.'
'விடவில்லை. அது அம்ப்ரோஸுக்கு.'

அம்ப்ரோஸ் யெரெச்செக்,
பிறப்பு 1871, இறப்பு 1934, கேட்க ஆளில்லை.
காசு வந்தது பக்கத்துக் கல்லுக்கு.
'அது வெளுக்க வெளுக்க
இவன் கறுத்துக்கொண்டே போனான், க்ளென்.
அதுவரை ரெண்டு பேரும் ஒரே நிறம்,
ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்ல ஒன்றுமில்லை.
நான் போய்க் கெடுத்தேன்.
அப்போ நான்தானே போடணும்.'

முப்பது வருடம்
பால் பண்ணையில் பேரேடு எழுதியவன் நான்.
குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.
புட்டி புட்டிதான், ராக்ஸான்.
எந்தக் கல்லில் ஊற்றினாய் என்று
வாஷிங்டனிலிருந்து எவனும் முகர்ந்து பார்க்க வரமாட்டான்.
எழுது, கோட்டுக்குக் கீழே இறங்கிவிடலாம்,
அறுபத்திரண்டும் உன் பையில்.

திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.
செலவு என்றால் எது என்று சொல்லும் வரியை
விரல் வைத்துப் படித்தாள்:
தொழிலில் வழக்கமானது, தேவையானது.
'வழக்கம் இல்லை' என்றாள்.
மேலே யாரோ புத்தக வண்டி தள்ளும் சத்தம்.
'தேவையா என்று அவனைத்தான் கேட்கணும்.'
ரசீதைத் திரும்ப நாலாய் மடித்து
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
இவள் அளந்தாள்.
அளந்துவிட்டுத்தான் போட்டாள்.
காசோலையில் அறுபத்திரண்டை எழுத்தால் எழுதி,
பேனாவை மூடும்போது சொன்னாள்:
'இந்த வருஷம் எழுபத்தைந்து ஆக்கப்போகிறேன்.'

வீட்டுக்குப் போகிற வழியில் இல்லை அந்தத் தோட்டம்.
இருந்தும் வண்டியைத் திருப்பினேன்.
சேற்றில் நடந்து தேடினேன்.
இரண்டு கல், பால்பற்கள் போல, பக்கத்தில் பக்கத்தில்.
யெரெச்செக்கின் மெய்யெழுத்துகள் எல்லாம்
தெளிவாய் நெரிசலாய் நின்றன.
அவனுக்கு அந்தப் பக்கம் மூன்றாவதாக ஒன்று,
கரியாய், பெயரே தெரியாமல்.

அவளிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன்.
அவளுக்குத் தெரியாமலா இருக்கும்.